கூழ்ப்பானையும் வாரிச்சுருட்டியும்

சுடர்வயல் எத்தனால் ஆலையின் வாசலில் நிற்கும் ஊதும் இயந்திரத்துக்கு டிரைவர்கள் வைத்த பெயர் மாமியார். வேலைக்கு வந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அது வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான் திறக்கும். ஆள் உயரக் கம்பம், அதில் ஊதுவதற்கு ஒரு குழாய், தலைக்கு மேல் ஒலிபெருக்கி. ஊதிய மூச்சில் சாராயம் இல்லையென்றால் ஒரு மணி அடித்துவிட்டு கேட்டைத் திறக்கும். இருந்தால், ஆளின் பெயரைச் சொல்லி ஆலை முழுக்கக் கேட்கும்படி தீர்ப்பு வாசிக்கும். நாட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதி எத்தனாலில் ஓட ஆரம்பித்துவிட்ட காலம் அது. பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளமெல்லாம் இந்த ஆலைக்குள் போய் எரிபொருளாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதை ஏற்றிப்போகும் டேங்கரை ஓட்டுகிறவர் குடித்திருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் மாமியார் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அன்று காலை மாமியார் சொன்னாள்: “ஓட்டுநர் இளஞ்சியம். மது அருந்தியுள்ளார். வாகனத்தை எடுக்க அனுமதி இல்லை.”

இளஞ்சியம் சிரித்துவிட்டாள். அந்த ஆலையில் டேங்கர் ஓட்டும் ஒரே பெண் அவள். சாராய வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவள். குடித்துவிட்டு வந்த புருஷனின் பெட்டியையும் பாயையும் தெருவில் தூக்கி எறிந்து, “நீ ஒங்கக்கா வூட்டுலயே கெட” என்று அனுப்பிவைத்தவள். அந்தக் கதை ஆலையில் தெரியாதவர்கள் யாருமில்லை.

“மாமியாருக்கு இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு. இன்னொரு தடவ ஊதுறன்” என்றாள்.

ஊதினாள். மாமியார் அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஊதினாள். அப்போதும் அதேதான். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவன், முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வேட்டி அவிழ விழுந்து கிடந்தவன், ஏலக்காயை மென்றபடி வந்து ஊதினான். அவனுக்கு மணி அடித்தது. கேட் திறந்தது. போகிற போக்கில் அவன், “பரவால்லக்கா, ஒடம்பு அசதின்னா எல்லாரும் போடுறதுதான்” என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனான்.

செக்யூரிட்டி அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

பொது மேலாளர் பத்மநாபன் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். குரல் உயராது. சர்க்கரை இருப்பதால் நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்கள் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஆலை கேன்டீனின் கம்பங்கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் அவருக்குத் தினமும் தவறாமல் மேசைக்கு வந்துவிடும். அன்றும் கூழ் டம்ளர் எதிரில் இருந்தது.

“உக்காருங்கம்மா” என்றார். “எத்தனை நாளா இந்தப் பழக்கம்?”

“எந்தப் பழக்கம் சார்?”

“கோவிச்சுக்காதீங்க. நான் உங்க பக்கம்தான். வீட்ல கஷ்டம், ஒரே ஒரு தடவை, தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. லைசென்சுல கை வைக்காமப் பாத்துக்கறேன். கொஞ்ச நாள் மூட்டை கட்டுற பக்கம் இருங்க. அப்புறம் மெதுவா வண்டிக்கு வரலாம்.”

“குடிச்சிருந்தா ஒங்க கால்லகூட வுழுந்துருப்பன் சார். குடிக்காததுக்கு எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?”

“மிஷின் பொய் சொல்லாதும்மா.”

“அப்ப நான் சொல்றனா?”

பத்மநாபன் டம்ளரை எடுத்துக் கூழை ஒரு வாய் குடித்தார். இளஞ்சியம் எழுந்துகொண்டாள்.

“சார், அந்த மிஷின் எம்பேரச் சொல்லி மைக்குல சொல்லிருக்கு. நான் குடிக்கலன்னு அதே மைக்குல சொல்ற வரைக்கும் நான் மூட்டையும் கட்ட மாட்டன், மன்னிப்பும் கேக்க மாட்டன்.”

“அப்படின்னா வேலை போயிடும்மா.”

“போவட்டும் சார். அது போனா வேற தேடிக்கலாம். பேரு போனா எங்க போயித் தேடுறது?”

வெளியே வந்தவள் மாமியாரை ஒரு தடவை முறைத்துவிட்டுக் கேட்டைத் தாண்டினாள்.

மறுநாள் மதியம் வீட்டு வாசலில் அவள் புருஷன் ராசாங்கம் வந்து நின்றான். துரத்தப்பட்ட நாளிலிருந்து தெருமுனையைத் தாண்டாதவன், இப்போது கையில் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு, துக்கம் விசாரிக்க வந்தவனின் முகத்தோடு நின்றான்.

“சேதி கேள்விப்பட்டன் இளஞ்சி. ஒண்ணும் வெக்கப்படாத. எனக்கு மட்டுந்தான் நாக்கு நீளம்னு நெனச்சிக்கிட்டிருந்தன். இனிமே நீ யாரு, நான் யாரு? பொட்டியத் தூக்கிட்டு வந்துடட்டுமா?”

அவள் அவன் கையிலிருந்த மிக்சரை வாங்கித் தெருநாய்க்குப் போட்டாள். “மிக்சருக்கு நன்றி. பொட்டி அங்கயே கெடக்கட்டும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். வெளியே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலும் யாரோ சிரித்தார்கள்.

ஆத்திரத்தோடு சாப்பிட உட்கார்ந்தாள். கம்பஞ்சோறும் ஒரு சட்டி முருங்கைக்கீரையும். கோபம் வந்தால் அவளுக்குப் பசி அதிகம். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும்போது குழாய் கொஞ்சம் நகர்ந்தது. சுவரைப் பிடித்தாள். சுவரும் நிலையாக இல்லை. இந்தத் தலைச்சுற்றல் அவளுக்குப் புதிதல்ல. பொங்கலுக்குப் பிறகு அடிக்கடி வருகிறது. வயசாகிறது, ரத்தம் குறைவு என்று தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு இன்னும் நிறையக் கீரை தின்றிருந்தாள். இப்போது உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்து மூச்சு விட்டு முகர்ந்து பார்த்தாள். ராசாங்கத்தின் சட்டையில் அடிக்கும் அதே வாடை.

ஊரே சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது.

அதே தெருவில் மாடியறை எடுத்துத் தங்கியிருந்தாள் ஷாகிரா. லப்பைக்குடிக்காட்டுப் பெண். ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஈஸ்ட் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும்போது பல தடவை இளஞ்சியத்தின் டேங்கரில் ஏறிப் போயிருக்கிறாள். இளஞ்சியம் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி அவள் கதவைத் தட்டினாள்.

“பாப்பா, நான் ஒரு சொட்டு குடிக்கல. ஆனா குடிச்சிருக்கன். எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா, இல்ல மிஷினுக்கா? எனக்குத் தெரியணும்.”

ஷாகிரா அவளை உட்காரவைத்து, ஆலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கைமிஷினில் ஊதச் சொன்னாள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆனால் கேள்வி கேட்கவில்லை. “ரெண்டு நாள் லீவு போடறேன்க்கா. உங்க வீட்லயே இருக்கேன். நீங்க என்ன சாப்பிட்டாலும் என் கண்ணு முன்னாடி சாப்பிடணும். பாத்ரூம் போனாக்கூட கதவுக்கு வெளியே நிப்பேன்” என்றாள்.

முதல் நாள் வெறும் வெள்ளைச்சோறும் மோரும். இளஞ்சியம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள். சாயங்காலம் ஊதியபோது மிஷின் சும்மா இருந்தது. அவள் ஷாகிராவைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நாள் கீரையும் கேழ்வரகுக் களியும், அதோடு நாலைந்து கொய்யாப்பழமும். ஒரு சொட்டுச் சாராயம் அந்த வீட்டுக்குள் வரவில்லை. கதவுகூடத் திறக்கவில்லை. மதியம் ஊதினாள், எண் ஏறியிருந்தது. மறுபடி ஊதினாள், இன்னும் ஏறியிருந்தது. ஷாகிரா மிஷினை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

“என்னா பாப்பா?”

“அக்கா, மக்காச்சோளத்துல மாவு இருக்கும், தோல் இருக்கும். மாவுலேருந்து சாராயம் எடுக்கறது காலங்காலமா எல்லாரும் பண்றது. தோல் வெறும் நார். அதை எந்த ஈஸ்டும் தொடாது. மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகும்.”

“தெரியும். முன்னெல்லாம் தவுடு லாரில போவும்.”

“இப்ப போறதில்லை, பாத்தீங்களா? நம்ம கம்பெனி ஒரு புது ஈஸ்ட் செஞ்சுது. நாரையே தின்னு சாராயமா மாத்திடும். எதையும் விடாதுங்கறதால லேப்ல அதுக்கு வாரிச்சுருட்டின்னு பேரு. வெயில் காலத்துல டேங்கைக் குளிர வைக்க ஏகப்பட்ட கரண்டு செலவாகுதுன்னு, சூட்டுலயும் சாகாத மாதிரி வளர்த்தோம். அப்புறம் புளிப்புல சாகாத மாதிரி. காத்தே இல்லாத இருட்டுல உசுரோட இருக்கற மாதிரி.” அவள் நிறுத்தினாள். “சூடு, புளிப்பு, இருட்டு, நிறைய நார். நாங்க டேங்கை மட்டும்தான்க்கா நெனச்சோம். மனுஷ வயிறும் அப்படித்தானே இருக்கும்னு யாரும் நெனைக்கல.”

இளஞ்சியம் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “எங்குள்ள அது இருக்கா?”

“இருக்கு. நீங்க திங்கற கீரையெல்லாம் உள்ள சாராயமா ஊறுது. சோறும் பரோட்டாவும் மேல்குடல்லயே செரிச்சுடும், அதைத் திங்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அது எப்படி உங்க வயித்துக்குள்ள போச்சுன்னுதான் புரியலை. டேங்க் மூடியே இருக்கு.”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள் கொளஞ்சியம்மாள். கேன்டீனில் சமைக்கிறவள், இளஞ்சியம் அங்கே தினமும் குடிக்கிற கூழைக் காய்ச்சுகிறவள். ஊர் என்ன பேசினாலும் இளஞ்சியத்தை விட்டுக்கொடுக்காத ஆள். கையில் ஒரு தூக்குவாளி.

“நாலு நாளா ஒழுங்கா சாப்புட்டியோ இல்லையோ. கூழு கொண்டாந்தன், குடி” என்று மூடியைத் திறந்தாள். நுரைத்த புளிப்பு வாசம் அறையை நிறைத்தது. ஷாகிரா வாளிக்குள் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொளஞ்சிம்மா, இது எப்படி இவ்வளவு நல்லாப் புளிச்சிருக்கு?”

“நீ குடுத்த ஒறைதான் தாயி.”

“நான் குடுத்ததா?”

“மறந்துட்டியா? மார்கழில வந்து கேட்டனே, ஒரு டம்ளர எடுத்தாந்து.”

“ஆப்பத்துக்குன்னு கேட்டீங்க! அடுப்புல வெந்தா செத்துடும்னுதான் குடுத்தேன்.”

“ஆப்பத்துக்குந்தான் ஊத்துனன். அந்தக் குளுருல கூழு புளிக்கவே மாட்டன்னுச்சு. டம்ளர்ல மிச்சம் இருந்துச்சு, ஒரு கரண்டி வுட்டன். அப்பறம் பாரு, என்னா புளிப்பு, என்னா ருசி! அன்னையிலேருந்து தெனமும் பழைய கூழுல ஒரு கரண்டி எடுத்து வெச்சி அடுத்த பானைக்கு வுட்டுக்கிட்டிருக்கன்.” இருவர் முகத்தையும் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “ஏன், ஒறைமோரு கேட்டா யாராச்சும் இல்லன்னுவமா? அந்த மாதிரிதான கேட்டன்? எதாச்சும் தப்பாயிடுச்சா?”

ஷாகிரா சொன்னாள். கொளஞ்சியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிஞ்சின கூழைத் தினமும் தன் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததையும், பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் சரிந்துவிட்டதையும் சொன்னாள். “கள்ளு ஊத்திக் குடுத்தியாடின்னு அந்த வாத்தியாரம்மா அதும் ஆத்தாளக் கேட்டுச்சாம். அந்த ஆத்தா அழுதுக்கிட்டே வந்துச்சு. பாவி, நான்தான் ஊத்திக் குடுத்துருக்கன்.”

“இதை வெளிய சொன்னா என் வேலை போயிடும்” என்றாள் ஷாகிரா, யாரையும் பார்க்காமல். “டேங்குல இருக்கற உயிரை வெளிய குடுத்தது நான். ஆலை லைசென்சும் போயிடும்.”

இளஞ்சியம் அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையில் அவளும் இல்லை. “சொல்லலன்னா நான் குடிகாரி, பாப்பா. அந்தச் சின்னப் புள்ளையோட ஆத்தா, புள்ளைக்குக் கள்ளு ஊத்துனவ. நீயே முடிவு பண்ணிக்க. நான் ஒன்ன இழுத்துக்கிட்டுப் போவ மாட்டன்.”

ஷாகிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “இழுக்க வேண்டாம். நானே வரேன்க்கா.”

முதலில் கூழில் ஒரு துளியைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்துப் பார்த்தாள். வாரிச்சுருட்டிதான். ஆனால் டேங்கில் இருப்பது அல்ல. பானையிலும் வயிறுகளிலுமாகத் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, அது வேறொன்றாகத் தேறியிருந்தது. டேங்கில் இருப்பதற்கு நாரை முதலில் அமிலத்தில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு எந்தச் சமையலும் வேண்டாம். பச்சை நாரையே தின்றது. பார்த்து முடித்ததும் விதிப்படி அந்தத் துளியைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, கண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு இளஞ்சியத்தோடு பத்மநாபன் அறைக்குப் போனாள்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, “நம்ப முடியலையே” என்றார். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கூழ் டம்ளர் காலியாகவும் கீரைக் கிண்ணம் வழித்தும் இருந்தன.

இளஞ்சியம் கைமிஷினை அவர் முன்னால் நீட்டினாள். “மிஷின் பொய் சொல்லாதுன்னீங்களே சார். நீங்களும் ஒரு தடவ ஊதுங்க.”

“நான் எதுக்கு?”

“நான் எதுக்கோ, அதுக்குத்தான்.”

சிரிக்க முயன்றபடி வாங்கி ஊதினார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மிஷினை மேசைமேல் வைத்துவிட்டு, “என் பொண்ணு ரெண்டு மாசமா என் கார்ல ஏற மாட்டேங்கறா” என்றார். “என்னன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறா.”

அன்றே அவர் தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். கேன்டீனை மூடினார். ஷாகிரா பெரம்பலூர் டாக்டர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஈஸ்டும் ஒரு பூஞ்சைதான், பூஞ்சை நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைதான் இதற்கும் என்று தெரிந்துகொண்டு வந்தாள். கொளஞ்சியம்மாள் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்க் காலில் விழாத குறையாக எல்லாரையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆலை ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். மதியத் தூக்கமும் வீட்டுச் சண்டையுமாக இருந்த பல பேருக்கு அப்போதுதான் காரணம் விளங்கியது. இளஞ்சியம் மட்டும் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கேட்டில் மாமியார் மன்னிப்புக் கேட்கும்வரை சாட்சி தன் வயிற்றிலேயே இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

இரண்டொரு நாளில் பத்மநாபன் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைச் சுவரில் இருந்த பெரிய திரையில் தலைமை அலுவலகத்து டைரக்டர் ஒருவர் தெரிந்தார். பளபளவென்று இருந்தார். சிரித்தபடியே பேசினார்.

“வணக்கம்மா இளஞ்சியம். உங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்துபோச்சு. வேலை திரும்ப உங்களுக்குத்தான். புது டேங்கர், சொந்த வீடு, எல்லாம் பண்ணித் தரோம். ஒரே ஒரு உதவி. நீங்க மட்டும்தான் இன்னும் மாத்திரை போடலைன்னு கேள்விப்பட்டேன். போடாதீங்க. இங்க வந்து கொஞ்ச நாள் எங்க லேப்ல தங்குங்க. உங்க வயித்துல இருக்கறது எங்களுக்கு வேணும்.”

“எதுக்கு சார்?”

“அது ரொம்ப அபூர்வமான ஈஸ்டும்மா. எங்க டேங்குல இருக்கறதைவிடத் திறமைசாலி. இனிமே ஆசிட் வேண்டாம், வேகவைக்க வேண்டாம். நாட்டுக்கே நல்லது.”

“சரி சார். நான் குடிக்கலன்னு வாசல் மைக்குல எப்ப சொல்லுவீங்க?”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “அதை மட்டும் கேக்காதீங்க. ஈஸ்ட் வெளிய போயிடுச்சுன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். உங்க பேர்ல இருக்கறது ஒரு சின்னக் கறைதானே? காலப்போக்குல எல்லாரும் மறந்துடுவாங்க.”

“மாட்டன்னா?”

“சட்டப்படி பாத்தா அந்த ஈஸ்ட் கம்பெனி கண்டுபிடிப்பும்மா. எங்க இருந்தாலும் கம்பெனி சொத்துதான்.”

இளஞ்சியம் பத்மநாபனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் அவளுக்குக் காலிலிருந்து ஏறியது. குடிகாரி என்று துரத்தியபோது அது அவள் வயிறு. இப்போது கம்பெனி டேங்கா? முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, பத்மநாபன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

“ஐயோ, துப்பச் சொல்லுங்க!” என்று திரையில் டைரக்டர் எழுந்துவிட்டார்.

“ஒங்க சொத்து செத்துக்கிட்டிருக்கு சார்” என்றாள் இளஞ்சியம். “கேஸ் போடுங்க. கோர்ட்டுல நானும் பேசுறன். நல்லாப் பேசுவன்.”

டைரக்டர் மறுபடி உட்கார்ந்து, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். “அந்தக் கூழ்ப்பானை? அது இருக்கா?”

“இருக்கு. கொளஞ்சியக்கா வூட்டுல.”

“அதையாவது குடுங்கம்மா. என்ன வேணும் சொல்லுங்க.”

“மொதல்லேருந்து ஒண்ணுதான் சார் கேட்டுக்கிட்டிருக்கன். அதே மிஷின், அதே மைக்கு, அதே கொரலு. இளஞ்சியம் குடிக்கல, தப்பு ஆலையோடதுன்னு சொல்லணும். ஷாகிரா பேரும் கொளஞ்சியக்கா பேரும் எங்கயும் வரக்கூடாது, அவங்க வேலைல கை வைக்கக்கூடாது. சொல்லி முடிச்ச ஒடனே பானைய ஒங்க கையில குடுக்கறன்.”

டைரக்டர் முதல் வாக்கியம் மட்டும் போதாதா என்று பேரம் பேசினார். இயந்திரக் கோளாறு என்று சொல்லலாமே என்றார். இளஞ்சியம் எல்லாவற்றுக்கும் “இல்ல சார்” என்றாள். அந்தப் பானையிலிருந்து வரப்போகும் லாபம் லைசென்ஸ் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஷிப்டு மாறும் நேரம். டேங்கர் வரிசை சாலை வரைக்கும் நின்றது. ஏலக்காய் மெல்கிறவன் முன்னாலேயே நின்றான். செய்தி எப்படியோ பரவி ராசாங்கமும் கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் கிளாசோடு உட்கார்ந்திருந்தான். கொளஞ்சியம்மாள் வாயைத் துணியால் இறுகக் கட்டிய பானையை, மடித்த சாக்கை அணைகொடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இளஞ்சியத்தின் பக்கத்தில் நின்றாள். தலைமை அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் வேனிலிருந்து ஒரு பெரிய ஐஸ் பெட்டியை இறக்கினார்கள். ஷாகிரா சற்றுத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாமியார் கரகரத்தாள். பிறகு பேசினாள்.

“ஓட்டுநர் இளஞ்சியம் மது அருந்தவில்லை. அவர் உடலில் சாராயம் உண்டானது இந்த ஆலையின் ஈஸ்டால். தவறு ஆலையுடையது. ஓட்டுநர் இளஞ்சியத்திடம் ஆலை மன்னிப்புக் கேட்கிறது.”

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். செக்யூரிட்டி சாவியைக் கொண்டுவந்து, இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். இளஞ்சியத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். டீக்கடையில் ராசாங்கம் கிளாசை வைத்துவிட்டு எழுந்து அக்கா வீட்டுப் பக்கம் நடந்தான்.

“அக்கா, குடுத்துடுங்க” என்றாள் இளஞ்சியம்.

கொளஞ்சியம்மாள் பானையை நீட்டினாள். வேன் ஆட்கள் பெட்டியைத் திறந்துகொண்டிருந்ததால் பத்மநாபனே இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் கை சட்டென்று பின்வாங்கப் பார்த்தது. பானை சூடாக இருந்தது. ஆறாத சூடு. விடிகாலையிலிருந்து அடுப்பில் கொதித்து இப்போதுதான் இறக்கிய, எந்த ஈஸ்டும் பிழைக்காத சூடு.

அவர் இளஞ்சியத்தைப் பார்த்தார்.

“பானையக் கேட்டாங்க, பானையக் குடுத்துட்டன்” என்றாள் அவள் மெதுவாக. “விருந்தாளிக்கு ஆறுன கூழையா சார் குடுக்கறது?”

பத்மநாபன் பானையைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றார். கேட்டுக்கு உள்ளே அவருடைய கார் நின்றிருந்தது. காலையில் அதில் அவர் மகள் பள்ளிக்கூடம் வரை வந்திருந்தாள், வெகு நாளைக்குப் பிறகு. அவர் திரும்பி, பானையைத் தானே பெட்டிக்குள் இறக்கி வைத்து, வேன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

“ஐஸ் நிறையப் போடுங்க. சென்னை போற வரைக்கும் யாரும் திறக்க வேண்டாம்.”

வேன் கிளம்பிச் சாலையேறியது. இளஞ்சியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாரிடம் போய் ஊதினாள். மணி அடித்தது. கேட் திறந்தது. டேங்கரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

“இருய்யா, போறன்” என்று சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.